ஆறு துணியும் எட்டரை மணியும்

காய்ந்த துணியை மடிப்பதற்கு முன்னால் அண்ணி அதை ஒருதரம் மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் துணியின் தையல் ஓரத்தை வைத்து, கண்ணை எங்கேயோ திருப்பிக்கொண்டு, ஒரு மூச்சு நேரம் நிற்பாள். பிறகு மடிப்பாள், அல்லது உங்கள் மேல் கோபம் வந்தவள்போல அதைத் திரும்பக் கொடியில் வீசுவாள். பதினாலு வருஷம் சுடுதண்ணீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் கிடந்த விரல்களுக்கு ஈரம் தெரியாமல் போய்விட்டது. உதடு மட்டும் மிச்சம். வெயிலில் நாள் முழுக்கக் கிடந்த துணியிலும் தையலுக்குள் ஈரம் ஒளிந்திருக்கும், அதை மடித்து அடுக்கினால் மறுநாள் அலமாரியே நாறும் என்பாள்.

அண்ணிக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். துவைக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. காலை ஐந்தரைக்கு அவள் போய் பாய்லரைப் போட்டால்தான் மற்ற ஒன்பது பேருக்கும் வேலை தொடங்கும். வீட்டிலும் அவளுக்கு அதே பதவிதான். நான் துண்டைக் கோணலாகப் போட்டால் எதுவும் சொல்லமாட்டாள். எடுத்து நேராகப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அண்ணியை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் பொய். பயம் என்று சொன்னால் அதில் முக்கால்வாசி உண்மை.

அவள் ஆறு மாசம் சுமந்துகொண்டிருந்தபோது சலவைக்கூடத்தில் ஒன்று நடந்தது. ஓட்டலில் தங்கியிருந்த யாரோ குழந்தையின் டயப்பரைக் கழற்றிப் படுக்கை விரிப்புக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அது அப்படியே அறுபது கிலோ எந்திரத்துக்குள் போய்விட்டது. சூடு ஏறியதும் வெடித்தது. கதவைத் திறந்தால் நாற்பது விரிப்புகளிலும் ஊறின ஜவ்வரிசி மாதிரி கொழகொழவென்று ஜெல்லி. வடிகால் அடைத்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். பளபளப்பான ஷூவோடு மேனேஜர் அந்தத் தண்ணீரில் வந்து நின்று, சரியாகப் பிரித்துப் பார்க்காமல் எந்திரத்தில் போட்டது யார் என்று கேட்டார். தலைமை என்பதால் மெமோ அண்ணி பேரில். இரண்டு நாள் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிப்பாக உதறினாள். உதற உதற வந்துகொண்டே இருந்ததாம். வீட்டுக்கு வந்து பின்னலைப் பிரித்தபோது கூந்தலிலிருந்துகூட ஒரு மணி உதிர்ந்தது. அதை நகத்தால் நசுக்கிப் பார்த்துவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"இந்தச் சனியன் என் பிள்ளை இடுப்புல ஏறாது."

அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அக்கா அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறாள். நாங்கள் மூன்றாவது மாடி. அக்கா அண்ணனுக்கும் எனக்கும் மூத்தவள்; வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது தொழில். முன்பு ஒரு மழலையர் பள்ளியில் இருந்ததால் எல்லாரும் அவளை டீச்சர் என்பார்கள். ஒன்பது பிள்ளைகள், ஒரு வேலைக்காரப் பெண், சுவரோரமாக ஒன்பது சின்ன மெத்தைகள். சத்தமில்லாமல் ஒன்பது பிள்ளைகளைத் தூங்கவைப்பாள். அந்தத் திறமையால் பெரியவர்களையும் அப்படித் தூங்கவைத்துவிடலாம் என்று நினைப்பாள்.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் அக்கா இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு பெரிய டயப்பர் மூட்டை. அண்ணி அதை வாங்கவில்லை. வாங்காமல், "உட்காருங்க" என்றும் சொல்லவில்லை. அக்கா மூட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் இரண்டாவது மாடி திரும்புவதற்குள் அண்ணி, தையல் போட்ட வயிறோடு, மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் படிக்கட்டில் மேலிருந்து கீழே விட்டாள். அது ஒவ்வொரு படியாகத் துள்ளித் துள்ளி, ஒரு தடவைகூடக் கிழியாமல், அக்காவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து சண்டை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை, கதவுகள்தான் அடி வாங்கும். நேருக்கு நேர் பேச்சு நின்றது, ஜாடைப் பேச்சு ஆரம்பித்தது. அண்ணி மொட்டை மாடியில் நாப்பித் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டே, கீழே கேட்கும்படி, இடுப்பிலிருக்கும் குழந்தையிடம் சொல்வாள்: உங்க அத்தைக்குத் துவைக்கிற வழக்கமே கிடையாதுடா, எல்லாத்தையும் சுருட்டித் தெருவுல எறிஞ்சுதான் பழக்கம். அக்கா தன் வேலைக்காரப் பெண்ணிடம், மாடிப்படி பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, சில பேருக்கு வேலையை வீட்டுக்கும் தூக்கிட்டு வந்தாத்தான் தூக்கம் வரும், மூத்திரத் துணியிலயும் இஸ்திரி மடிப்பு இருக்கணும் என்பாள். சோப்புக்காரி என்று அண்ணிக்குப் பெயரும் வைத்தாள். அந்தப் பெயர் இரண்டாவது மாடி வரைக்கும் புழக்கத்தில் இருந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போகிற தொழில். வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்பு. கீழே போனால் அக்காவிடம் தலையாட்டுவான், மேலே வந்தால் அண்ணியிடம் தலையாட்டுவான்.

பிரசவ விடுப்பு முடிகிற மாசத்தில்தான் சங்கடம் வந்தது. ஒன்றாம் தேதி ஐந்தரைக்கு அண்ணி வேலையில் நிற்க வேண்டும். இல்லையென்றால், அவள் கையால் தொழில் கற்றுக்கொண்ட துணைத்தலைமைப் பெண் இடைக்காலமாக உட்கார்ந்திருக்கும் அந்த இடம் அந்தப் பெண்ணுக்கே நிரந்தரம் என்று மேனேஜர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தப் பகுதியில் காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்கிற ஒரே கதவு அக்காவுடையது. மற்ற இடங்களெல்லாம் எட்டரைக்குத்தான் திறக்கும். அண்ணன் நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டால் ஓடுகிறவன். நான் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவன்.

அக்கா இதைத் தெரிந்துகொண்டு காத்திருந்தாள். என் வீட்டுக்குள்ள துணி வராது, டயப்பரோட வந்தா தூக்கிக்கறேன் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். அண்ணி, துணியில்லாம என் பிள்ளை வராது என்று பதில் அனுப்பினாள். தேதி இருபத்தெட்டு ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் அண்ணன் கீழே போனவன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒத்துக்கிட்டா" என்றான்.

அண்ணி நம்பவில்லை. துணிக்கா என்று இரண்டு முறை கேட்டாள். துணிக்குத்தான் என்றான். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. ஒரு நாளைக்கு ஆறு துணி. அலசித் தரமாட்டாள். நனைந்ததைப் பையில் போட்டு வாயைக் கட்டித் தந்துவிடுவாள். மெத்தை ஒருதரம் நனைந்தாலும் ஒப்பந்தம் முடிந்தது. அண்ணி சிரித்ததை அன்றைக்குத்தான் பல மாசம் கழித்துப் பார்த்தேன். ஜெயித்தவள் சிரிப்பு. அது அவ்வளவு அழகாக இல்லை.

முதல் மூன்று வாரம் ஒரு சத்தமில்லை. காலை ஐந்துக்குக் குழந்தையும், மூன்றாக மடித்த ஆறு துணியும் கீழே போகும். இரண்டரைக்கு அண்ணி வேலையிலிருந்து வந்து குழந்தையையும் வாய் கட்டிய பையையும் வாங்கிக்கொண்டு மேலே வருவாள். மெத்தை நனையவில்லை. புண் இல்லை, சிவப்பு இல்லை. ஆறில் ஒன்றில்கூடக் கறை கிடையாது. பையன் நேரம் தெரிஞ்சவன், பெரிய வேலையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் வெச்சுக்கறான் என்று அண்ணி பெருமைப்பட்டாள். துணி கட்டுன பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு வரும் என்று அண்ணனிடம் விளக்கினாள். அண்ணன் ஆமாம் ஆமாம் என்றான்.

அவள் பையை எப்படிக் காலி செய்வாள் என்பதைச் சொல்ல வேண்டும். சலவைத் தொழிலில் அழுக்கைக் கையால் தொடுகிறவன் கற்றுக்குட்டி. கட்டை அவிழ்த்து, பையின் அடியைப் பிடித்து, எந்திரத்தின் வாய்க்குள் வைத்து அப்படியே உள்பக்கம் வெளியே வருகிறமாதிரி புரட்டுவாள். துணியோடு பையும் உள்ளே போய்விடும். கதவு மூடும். விரல் படாது, மூக்கு கிட்டப் போகாது. அண்ணன் பக்கத்தில் நின்று பல தடவை வியந்து பார்த்திருக்கிறான்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை. நான் அலுவலகத்துக்கு இறங்கியபோது, பின்பக்கக் குழாயடியில் அக்கா குனிந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் அண்ணியின் நாப்பித் துணிகள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் காட்டி, பிழிந்து, பையில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. அலசமாட்டேன் என்று நிபந்தனை போட்டவள், யாருக்கும் தெரியாமல் அலசிக் கொடுக்கிறாளே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. பேருந்தில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வார்த்தை போட்டுவைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா துணியெல்லாம் அலசித்தான் குடுக்கறா போலிருக்கு அண்ணி. காலைல பார்த்தேன்."

அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காலைலன்னா எப்போ?"

"நான் கிளம்பறப்ப. எட்டரை இருக்கும்."

"எத்தனை துணி?"

எண்ணிப் பார்த்தேன். அக்கா பிழிந்து போட்டது கண்முன்னால் வந்தது. ஆறு என்றேன்.

அண்ணி கையை உதறினாள். சாப்பாடு பாதியில் இருந்தது. அஞ்சு மணிக்கு விட்ட பிள்ளை எட்டரைக்குள்ள ஆறு துணி நனைக்குமா என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் தண்ணீர் குடித்தான். நெடுநேரம் குடித்தான். சின்னவன் எதையோ பார்த்துட்டு வந்து எதையோ சொல்றான் என்றான். வாயை மூடிக்கொண்டிருக்கிறவனாகவே நான் இருந்திருக்கலாம்.

உடனே அவள் கீழே போகவில்லை. கறை இருக்கிறதா என்று சரிபார்க்காமல் ஒரு கைக்குட்டையைக்கூடத் திருப்பி அனுப்பாத தொழில். மறுநாள் சனிக்கிழமையும் பிள்ளையையும் ஆறு துணியையும் வழக்கம்போல விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டரைக்கு வந்தாள். சனிக்கிழமை எனக்கு அரைநாள் என்பதால் வீட்டில் இருந்தேன். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, பையை எந்திரத்துக்குக் கொண்டுபோகாமல் குளியலறைத் தரையில் கொட்டினாள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக, நனைந்த துணியைக் கையால் எடுத்து மூக்குக்குக் கீழே வைத்தாள். ஒன்று. இரண்டு. ஆறும் முடிந்தது.

"அலசினா மூத்திர வாசனை போயிடாது தம்பி" என்றாள். "கொதிக்க வெச்சாத்தான் போகும். இது எதுலயும் போறதுக்கு ஒண்ணுமே இல்ல."

ஆறையும் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினாள். போகாதே என்று யாரும் சொல்லாததால் குழந்தையோடு நானும் பின்னால் போனேன். பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் வருகிற நேரம். நாலைந்து பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களைத் தாண்டிப் போய், ஒரு துணியை விரித்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

"பிள்ளைங்க இருக்கற இடத்துல என்ன இது" என்றாள் அக்கா. குரல் இன்னும் டீச்சர் குரல்தான்.

"குழாய்த்தண்ணி. ஆறும் குழாய்த்தண்ணி. நாலு வாரமா என்னைக் குழாய்த்தண்ணியைக் கொதிக்க வெச்சுத் துவைக்க வெச்சிருக்கீங்க."

ஹெல்மெட் மாட்டியிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்காவுக்கு அந்தச் சிரிப்பு தைரியம் கொடுத்தது. ஆமாம், டயப்பர்தான் போட்டேன், நீ வர்றதுக்குள்ள கழட்டித் துணி கட்டிவிட்டேன் என்றாள். உன் பிள்ளை காய்ஞ்ச இடுப்போட தூங்கினான், ஒரு நாள் அழுதிருப்பானா கேளு, ஒன்பது பிள்ளைங்களுக்கு நடுவுல உன் வீம்புக்கு எல்லாம் நான் மாரடிக்க முடியாது என்றாள்.

அண்ணிக்கு அந்தச் சிரிப்பு வேறு வேலை செய்தது. அவள் அக்காவை விட்டுவிட்டுத் தாய்மார் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் உங்க பிள்ளைங்களை ஒருதரம் மோந்து பாருங்க. இங்க என்ன குடுக்கறாங்க, என்ன போடறாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அதுதான் வெட்டு. சோப்புக்காரி என்ற பெயர், மூட்டை உருண்டது எல்லாவற்றையும் அக்கா ஒருநாள் மறந்திருப்பாள். இதை மறக்கமாட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஹெல்மெட்காரப் பெண் தன் மகளை அவசரமாகத் தூக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வேலையிலிருந்து வந்தான், கையெல்லாம் கிரீஸ். வாசலிலேயே நின்றான். துணியைப் பார்த்தான், தாய்மாரைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். கடைசியாக அக்காவைப் பார்த்துச் சொன்னான்:

"என்னக்கா இது? ஏன் இப்படிப் பண்ணினே?"

அக்கா அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. தம்பியே கேட்டுவிட்டானே என்று உடைந்துபோனாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"பண்ணினேன்டா" என்றாள். "நான்தான் பண்ணினேன்."

பிறகு அண்ணியிடம், திங்கட்கிழமை இந்தக் கதவு உனக்குத் திறக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தமுறை கதவு அடிவாங்கவில்லை. மெதுவாக மூடியது.

மாடி ஏறும்போது அண்ணன், ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு, திங்கக்கிழமை ஐந்தரைக்கு என்ன பண்ணுவே என்று கெஞ்சினான். நானா, என்றாள் அண்ணி. அந்த வேலை போகும்னு தெரிஞ்சுதான் இறங்கினேன் என்றாள்.

வேலை போகவில்லை, பதவி போனது. ஐந்தரைக்கு வர முடியாதவள் துவைக்கும் பிரிவுக்குத் தலைமையாக இருக்க முடியாது. இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு காப்பகம், துணிக்கு ஆட்சேபம் சொல்லாமல் எட்டரைக்குக் கதவு திறந்தது. அண்ணி ஒன்பது மணிக்குப் போய் மடிக்கும் மேசையில் நின்றாள். துணைத்தலைமைப் பெண் தலைமையாகிவிட்டாள். முதல் வாரமே அவள் வந்து, ஓரம் சரியில்லை, இதை மறுபடி மடிங்க என்றாளாம். அந்தப் பெண்ணுக்கு ஓரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அண்ணிதான். மறுபடி மடித்தேன் என்றாள் எங்களிடம். மடித்துவிட்டு என்ன செய்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

கீழே மூன்று மெத்தைகள் காலியாயின. வேலைக்காரப் பெண்ணை அக்கா பாதி நாளாக்கிவிட்டாள். அண்ணியும் அவளும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் யார் சுவர்ப்பக்கம் ஒதுங்குவது என்பதில்கூட இன்னும் முடிவில்லை. இருவரும் நடுவிலேயே வருவார்கள்.

எல்லாரையும்விடக் கடுமையாக இருந்தது அண்ணன்தான். கீழே போவதையே விட்டான். அக்கா காய்ச்சலில் படுத்தபோதும் என்னைத்தான் அனுப்பினான். என் பெண்டாட்டியை ஏமாத்தினவ வீட்டுல எனக்கென்ன வேலை என்று அண்ணி காதுபடச் சொல்வான். சொல்கிற நாட்களில் அண்ணி அவனுக்கு இன்னொரு கரண்டி அதிகமாகப் போடுவாள். அந்த வீட்டில் அண்ணி நம்பியது இரண்டைத்தான்: கொதிக்கும் தண்ணீர், அண்ணன்.

குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டான். போன மாதம் தலைவலி மாத்திரை வாங்க, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் மருந்துக் கடையில் நின்றேன். சில்லறை எடுத்துக்கொண்டே கடைக்காரர், உங்க அண்ணன் இப்பல்லாம் வர்றதே இல்லையே, டயப்பர் வேற கடைல வாங்கறாரா என்று கேட்டார். அவருக்காகச் சின்ன அளவுல ரெண்டு பாக்கெட் எடுத்துவெச்சு அப்படியே கிடக்குது என்றார். ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் துணிதான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு இல்லைங்க. காசைக் கட்டிட்டு, டீச்சர் வீட்டுல குடுத்துடுங்கம்பாரு. வாரா வாரம் நான்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். முதல் பாக்கெட்டை மட்டும் அவரே வந்து கையோட வாங்கிட்டுப் போனாரு."

எந்தத் தேதி என்று கேட்டேன். பழைய ரசீதுக் கட்டைப் புரட்டிச் சொன்னார். இருபத்தெட்டு. அண்ணன் வேர்வையோடு மாடியேறி வந்து, அக்கா துணிக்கு ஒத்துக்கொண்டாள் என்று சொன்ன அதே சாயங்காலம்.